வெளிவந்த பின் திருந்தும் படைப்பு: திருவண்ணாமலைக் கோயிலை அளவையாகக் கொண்டு கணினி ஆட்டம் பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

ஒரு படைப்பு எப்பொழுது முற்றுப்பெறுகின்றது என்னும் வினா திறனாய்வாளர்க்குப் புதியதன்று. பழந்தமிழ் மரபில் அவ்வினாவிற்கு அரங்கேற்றமே விடையாக அமைந்தது. ஆசிரியன் அறிஞர் அவையில் நூலை ஓதுவான். அவையோர் எழுப்பும் தடைகட்கு விடை கூறுவான். அவர்தம் ஒப்புதல் பெற்ற பின்னரே நூல் உலகிற்கு உரியதாகும். திருத்தத்திற்குரிய காலம் அரங்கேற்றத்தோடு முடிந்தது. அச்சுப்பொறி வந்தபின் இந்நிலை மாறிற்று. முதற்பதிப்பிற் கண்ட குறையை இரண்டாம் பதிப்பில் நீக்க வழி பிறந்தது. இன்று மூன்றாவதொரு நிலை தோன்றியுள்ளது. மக்கள் விலை கொடுத்து வாங்கித் தம் இல்லத்தில் வைத்துள்ள படைப்பையே, அது அவர் கையில் இருக்கும்பொழுதே, ஆக்கியோர் தொலைவிலிருந்து மாற்றியமைக்கின்றனர். கணினி ஆட்டம் இத்தகைய படைப்பு.

கணினி ஆட்டங்களுள்ளும் ஒருவகையை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ஆடுவோர் ஒரு வீரனாகவோ வீராங்கனையாகவோ வேடம் ஏற்று, பேயும் அரக்கரும் நிறைந்த இருண்ட கற்பனையுலகிற் புகுந்து போர் செய்யும் ஆட்டங்கள் அவை. இத்தகைய உலகு தமிழர்க்கு முற்றும் அயலானதன்று. கலிங்கத்துப்பரணியின் காடு பாடியதும், பேய்களைப் பாடியதும், களம் பாடியதும் கற்றோர், அச்சமும் வியப்பும் நகையும் ஒருங்கு கலந்த இருட்கற்பனையின் சுவையை நன்கு அறிவர்.

தமிழாய்விதழில் இப்பொருளுக்கு இடம் உண்டோ என ஐயுறுவார் இருக்கலாம். ஒரு படைப்பு பல வடிவங்களிற் கிடைப்பின் அவற்றை ஒப்பிடுதலும், எது முன்னது எது பின்னது எனத் துணிதலும், திருத்தம் மூலத்தை வளர்த்ததா குலைத்ததா என ஆராய்தலும் நம் துறை நெடுநாள் பயின்ற பணிகளாம். அப்பணி புதியதொரு கலைக்குத் தேவைப்படும்பொழுது அதனைச் செய்தற்குரியோர் நாமே. வெளியீட்டிற்குப் பின் வந்த திருத்தங்களுள் எவை படைப்பை உண்மையில் உயர்த்தின, எவை உயர்த்தவில்லை, வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பவற்றை இரண்டு ஆட்டங்களைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

2. அளவை

வளர்ச்சியை மதிப்பிட ஓர் அளவை வேண்டும். அதற்குத் திருவண்ணாமலைத் திருக்கோயிலைக் கொள்கின்றோம். இக்கோயில் ஒருவர் காலத்தில், ஒருவர் கருத்தில் உருவாயதன்று. உள்ளே சோழர் காலக் கட்டடங்களும் கல்வெட்டுக்களும் உள்ளன. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பெயரால் வல்லாள மகாராசன் கோபுரம் நிற்கின்றது. கிழக்கே 11 நிலைகளுடன் 217 அடி உயர்ந்த இராசகோபுரம் கிருட்டிணதேவராயர் காலத்திற் தொடங்கப்பெற்று, தஞ்சை நாயக்கருள் முதல்வராகிய செவ்வப்ப நாயக்கரால் நிறைவெய்தியது. தொடங்கிய மன்னர் அதன் முடிவைக் கண்டிலர். வடக்குக் கோபுரத்தை அம்மணியம்மாள் என்னும் பெண் துறவியார் பொருள் திரட்டி முடித்தார் என்பது அவ்வூரார் போற்றும் செய்தி.

இவ்வளர்ச்சியில் மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, கருவறை முன்னரே நிறைவுற்றிருந்தது. இராசகோபுரம் எழுவதற்குப் பன்னூற்றாண்டு முன்னரே வழிபாடு குறைவின்றி நிகழ்ந்தது. கோபுரம் இல்லாத காலத்தில் வந்து வழிபட்டோர் குறைபட்ட கோயிலைக் கண்டவர் ஆகார். இரண்டாவது, பின் வந்த பகுதி முன்னிருந்ததனோடு பொருந்தி நின்றது. வாயிலும் மதிலும் கருவறையை நோக்கியே அமைந்தன. மூன்றாவது, சேர்த்தவர் யார், சேர்த்த காலம் எது என்பவற்றைக் கல்வெட்டுக் கூறுகின்றது. எனவே இன்று அக்கோயிலுட் செல்வோர் அதன் வளர்ச்சியைப் படிப்படியாகப் படிக்க இயலும்.

அச்சுநூலிலும் இந்நிலையைக் காண்கின்றோம். உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் முதன்முறை வெளியிட்டார். 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பைத் தந்தார். இரண்டாம் பதிப்பு முதற்பதிப்பினும் சிறந்தது. ஆயினும் முதற்பதிப்பு அழிந்துபடவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து ஓர் ஆய்வாளன் இன்றும் ஒப்பிடலாம். நிறைந்த கரு, பொருந்திய வளர்ச்சி, அழியாத சான்று என்னும் இம்மூன்றையும் அளவையாகக் கொண்டு ஆட்டங்களை நோக்குவோம்.

3. ஆட்டத்தின் கரு

அளவையை ஆள்வதற்கு முன், இவ்வகை ஆட்டத்தின் கருவறை யாது என வரையறுத்தல் வேண்டும். கதை எனச் சிலர் கூறுவர். ஓவியம் எனச் சிலர் கூறுவர். யாம் வேறு கருதுகின்றோம். ஆடுவோர் பகையோடு பொருதல், பொருது வென்ற இடத்தில் படைக்கலமும் கவசமும் பெறுதல், பெற்றதனை அணிந்து மேலும் வலிய பகையை நோக்கிச் செல்லுதல் என்னும் தொடர்ச்சியே இவ்வாட்டங்களின் உயிர். செயல் பயனைத் தருகின்றது. பயன் அடுத்த செயலுக்குக் கருவியாகின்றது. இவ்வட்டம் இடையறாது சுழலுமாயின் ஆடுவோர் நெஞ்சம் ஆட்டத்தில் தோயும்.

தொல்காப்பியம் வெட்சித் துறைகளை அடுக்கிய முறை ஈண்டு நினைக்கத்தக்கது. ஆகோளுக்குப் பின் தந்துநிறையும், அதன்பின் பாதீடும், உண்டாட்டும், கொடையும் வருகின்றன. போரிற் பெற்ற கொண்டி போரிட்டோரிடையே பகுக்கப்படுகின்றது; மகிழ்ச்சியாகின்றது; பின் ஈகையாகின்றது. கொண்டிக்கும் அதனை ஈட்டிய வீரத்திற்கும் உள்ள உறவு எவ்விடத்தும் அறுபடவில்லை. ஈட்டிய பொருளைச் சந்தையில் விற்று வேறொருவன் ஈட்டியதனை வாங்குதல் அத்துறைகளுள் ஒன்றாக வைக்கப்படவில்லை. இவ்வுறவு அறுபடின் என்ன நேரும் என்பதனை ஓர் ஆட்டத்தின் வரலாறு காட்டுகின்றது.

4. டயாப்லோ மூன்றின் முதல் வடிவம்

அமெரிக்க நாட்டின் பிளிசார்டு நிறுவனம் 'டயாப்லோ 3' என்னும் ஆட்டத்தை 2012 மே 15இல் வெளியிட்டது. இதற்கு முந்திய 'டயாப்லோ 2' 2000இல் வந்தது. 12 ஆண்டுகள் காத்திருந்த மக்கள் முதல் 24 மணி நேரத்திற்குள்ளாகவே 35 இலட்சத்திற்கு மேற்பட்ட படிகளை வாங்கினர். காட்டுவீரன், அரக்கவேட்டுவன், துறவி, சூனிய மருத்துவன், மந்திரவாதி என ஐவகை வேடங்களுள் ஒன்றை ஏற்று ஆடுவோர் நரகத்தின் தலைவர்களை எதிர்த்தனர்.

இவ்வாட்டத்தைத் தனியே ஆடுவோரும் இணையத்தின் வழி நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே ஆடல் வேண்டும் என்பது விதி. முதல் நாளில் கூட்டம் மிகுந்தமையால் பலர் உள்ளே புகவே இயலவில்லை. திரையில் தோன்றிய 'பிழை 37' என்னும் அறிவிப்பு உலகெங்கும் நகைப்பிற்கு இடமாயிற்று. ஆயினும் இப்பிழையை இவ்வாட்டத்தின் பெருங்குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அது வாயிலில் நேர்ந்த நெரிசல், கருவறையின் குறையன்று. நெரிசல் நீங்கிய பின்னரே உண்மைக் குறை புலனாயிற்று.

அக்குறை ஏலக்கூடமாகும். ஆடுவோர் தாம் பெற்ற படைக்கலங்களை ஆட்டத்தினுள் வழங்கும் பொற்காசுக்கு ஒருவர்க்கொருவர் விற்க நிறுவனமே ஓர் ஏலக்கூடத்தை அமைத்தது. 2012 சூன் திங்களில் உண்மைப் பணத்திற்கு விற்கும் ஏலக்கூடமும் திறக்கப்பெற்றது. அதில் விற்கும் ஒவ்வொரு படைக்கலத்திற்கும் ஒரு டாலரை நிறுவனம் கட்டணமாகக் கொண்டது. அமைத்தோரின் நோக்கம் தீயதன்று. முன்னைய ஆட்டத்தில் இத்தகைய வாணிகம் வெளியார் வழியே, ஏமாற்றுக்கு இடமாக நடந்தது. அதனை நெறிப்படுத்தவே கூடம் அமைத்ததாக அவர் கூறினர்.

நோக்கம் நன்றாயினும் விளைவு வேறாயிற்று. நான்கு கடுமை நிலைகளுள் இறுதியாகிய 'இன்ஃபெர்னோ' நிலையிற் பிழைக்க மிக வலிய படைக்கலம் வேண்டும். போர்க்களத்திலோ பயனற்ற பொருள்களே மிகுதியாக விழுந்தன. காட்டுவீரன் ஏந்தும் கோடரியில் மந்திரவாதிக்குரிய அறிவாற்றல் அமைந்திருக்கும். பெருஞ்சிறப்பிற்குரிய பெயர் தாங்கிய படைக்கலங்கள் பல, பெயரற்றவற்றினும் மெலிந்தனவாய் இருந்தன. ஆகவே ஆடுவோர் களத்தை விட்டுக் கூடத்திற்குச் சென்றனர். நூறு முறை பொருதும் பெறாததனைச் சில நொடியில் விலைக்கு வாங்கினர். வாங்கிய பின் களத்தில் விழுவன யாவும் தாம் அணிவதற்கு அன்றி விற்பதற்கே உரியவாயின. கொண்டி சரக்காயிற்று, வீரன் வணிகனானான். செயலுக்கும் பயனுக்கும் உள்ள உறவு அறுபட்டது. கோபுரம் இன்றியும் வழிபாடு நிகழும். கருவறையுள் கடைவைப்பின் வழிபாடு நிகழாது.

5. மூவகைத் திருத்தம்

2012 முதல் 2014 வரை இவ்வாட்டத்திற் செய்யப்பெற்ற திருத்தங்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல்வகை பிழைநீக்கம். சர்வர் நெரிசலைப் போக்கியதும், தவறாக இயங்கிய திறன்களைச் சரிசெய்ததும் இவ்வகையின. ஏட்டில் எழுதுவோர் விட்ட எழுத்துப்பிழையைக் களைவதனோடு இஃது ஒக்கும். இன்றியமையாதது, ஆயினும் நூலின் தரத்தை இஃது உயர்த்தாது, அதனைப் படிக்கத் தக்கதாக்கும் அவ்வளவே.

இரண்டாம் வகை சேர்க்கை. 2012 ஆகத்து மாதத்தில் 1.0.4 என்னும் திருத்தம் 'பாரகன்' என்னும் 100 படிநிலைகளைப் புதிதாகச் சேர்த்தது. சிறப்புப் பெயர் தாங்கிய படைக்கலங்களுக்கும் ஓரளவு வலிமை ஊட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 1.0.5, பகையின் வலிமையை ஆடுவோரே கூட்டிக்கொள்ள வழிசெய்தது. இவற்றால் ஆட்டத்தின் நீளம் பெருகியது. ஆடுவோர்க்கு வேலை மிகுந்தது. ஆயினும் ஏலக்கூடம் இருந்தவாறே இருந்தது. படிநிலை நூறு ஏறியவனும் முடிவில் அக்கூடத்திற்கே சென்றான். உள்ளே குறையிருக்க வெளியே சுற்று மண்டபம் எழுப்பியது போன்றது இச்செயல். இவை படைப்பைப் பெருக்கின. உயர்த்தவில்லை என்பதே எம் துணிபு.

மூன்றாம் வகை கட்டமைப்புத் திருத்தம். ஆட்டத்தின் இயக்குநராக இருந்த ஜே வில்சன் 2013 சனவரியில் அப்பொறுப்பினின்று நீங்கினார். ஏலக்கூடம் ஆட்டத்திற்குத் தீங்கு விளைத்தது என்பதனை அவரே அவ்வாண்டு மார்ச்சில் ஆட்டக் கலைஞர் மாநாட்டில் ஒப்புக்கொண்டார். 2013 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் கருவிகளுக்கு இவ்வாட்டத்தின் வேறொரு வடிவம் வந்தது. அவ்வடிவத்தில் ஏலக்கூடம் இல்லை. இணையத் தொடர்பின்றியும் ஆடலாம். களத்தில் விழும் பொருள் எண்ணிற் குறைந்து தரத்தில் உயர்ந்திருந்தது. ஒரே கதை, ஒரே பகை, ஒரே வேடங்கள்; சிறப்பாக வேறுபட்டது கொண்டி முறையே. ஆயினும் ஆட்டம் இனித்தது. குறை எங்குள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இவ்வடிவத்தை உருவாக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கிய ஜாஷ் மொஸ்கெய்ரா என்பவரே வில்சனுக்குப் பின் முழு ஆட்டத்திற்கும் இயக்குநரானார்.

2014 பிப்ரவரி 25இல் 2.0.1 என்னும் திருத்தம் வெளிவந்தது. பொருள்கள் குறைவாகவும், ஏற்ற வேடத்திற்கு உரியனவாகவும் விழலாயின. காட்டுவீரன் பெற்ற கோடரி காட்டுவீரனுக்கே பயன்பட்டது. சிறப்புப் படைக்கலம் எண்ணளவில் வலிமை கூட்டுவதோடு நில்லாது, பொரும் முறையையே மாற்றும் தனித்திறன் உடையதாயிற்று. அடுத்த திங்கள் 18ஆம் நாள் ஏலக்கூடங்கள் இரண்டும் மூடப்பெற்றன. அரும்பொருள்களை விற்க இயலாது. உடன் நின்று பொருதார்க்குக் குறித்த காலத்திற்குள் கொடுக்கவே இயலும் என விதி வகுத்தனர். பாதீடும் கொடையும் மீண்டும் போர்க்களத்திற்கே வந்துவிட்டன என இதனைக் கூறலாம்.

2014 மார்ச்சு 25இல் 'ரீப்பர் ஆஃப் சோல்ஸ்' என்னும் விரிவாக்கம் தனி விலைக்கு வந்தது. ஐந்தாம் பாகமும் சிலுவைவீரன் என்னும் புதிய வேடமும் அதில் உள்ளன. ஆட்டம் புத்துயிர் பெற்றதற்கு இவ்விரிவாக்கமே காரணம் எனக் கூறுவோர் பலர். யாம் அதனை முழுதும் உடன்படுகிலேம். புத்துயிர் தந்த திருத்தம் அதற்கு ஒரு திங்கள் முன்னரே, விலையின்றி, எல்லார்க்கும் கிடைத்தது. விரிவாக்கம் சிறந்தமைக்குக் காரணம், திருந்திய கருவின்மேல் அது எழுந்தமையே. திருந்தாத கருவின்மேல் அவ்வைந்தாம் பாகத்தை வைத்திருப்பின், அதுவும் பாரகன் படிநிலைகளைப் போன்று வீண் சுமையாகவே முடிந்திருக்கும்.

இதனால் ஓர் உண்மை பெறப்படுகின்றது. இவ்வாட்டத்தை உயர்த்திய தலையாய திருத்தம் ஒரு சேர்க்கையன்று, ஒரு நீக்கம். நிறுவனத்திற்கு வருவாய் தந்த ஓர் உறுப்பையே அந்நிறுவனம் அகற்ற நேர்ந்தது. படைப்பாளர் தாம் விரும்பி வைத்ததனைத் தாமே நீக்கத் துணிதல் எக்கலையிலும் அரிது.

6. திருந்தாத பகுதி

திருத்தம் எல்லாவற்றையும் திருத்திவிடவில்லை. டயாப்லோ மூன்றின் கதை முதல் வடிவத்தில் இருந்தவாறே இன்றும் உள்ளது. பெலியால் என்னும் வஞ்சகத் தலைவன் சிறுவனாகிய பேரரசனின் உருவில் மறைந்திருக்கின்றான். ஆடுவோர் இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்துவிடுகின்றனர். கதைமாந்தர் மட்டும் இறுதிவரை உணர்கிலர். மூன்றாம் பாகத்தில் அசுமோடன் என்னும் தலைவன் பலமுறை தோன்றித் தன் சூழ்ச்சிகளைத் தானே பகைவர்க்கு அறிவிக்கின்றான். முன்னைய ஆட்டங்களிலிருந்து மக்கள் அன்பிற்குரியவராய் விளங்கிய முதுபுலவர் டெக்கார்டு கெயின் முதற்பாகத்தில் ஒரு சிறு பகையின் கையில் மாள்கின்றார். அச்சாவிற்குரிய அவலம் ஏற்ற அளவில் எழவில்லை. வஞ்சனை வெளிப்படையாயின் மருட்கை இல்லை. அச்சுறுத்துவோன் மிகுதியாகப் பேசின் அச்சம் இல்லை. மெய்ப்பாட்டியல் கற்றார்க்கு இக்குறையின் இயல்பு எளிதில் விளங்கும்.

விரிவாக்கத்தோடு வந்த புதிய ஆட்டமுறை ஒன்று, கதையைப் பின்பற்றாது விரும்பிய களத்திற்கு நேரே செல்ல வழிவிட்டது. பலர் அதனைப் போற்றினர். ஆனால் அது கதையைத் திருத்தவில்லை. ஆடுவோர் கதையைத் தவிர்க்க உதவியது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் கூடாது. கதைமாந்தரின் உரையும் நடிப்பும் காட்சியும் ஒருங்கு பின்னிய பகுதி கதை. ஓரிழையைப் பிரிப்பின் பல இழைகள் குலையும். எண்ணால் இயங்கும் விதிகளோ தனித்தனியே மாற்றத்தக்கன. ஆகவே வெளியீட்டிற்குப் பின் வரும் திருத்தம் விதியை எளிதில் எட்டும். கதையை அரிதிலேயே எட்டும். கதையின் குறையைப் பின்னர்த் திருத்தலாம் என வெளியிடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

7. நம் நாட்டு ஆட்டம்: ராஜி

இம்முடிபு பெருநிறுவனத்தின் ஆட்டம் ஒன்றனுக்கு மட்டும் உரியதோ எனின், நம் நாட்டில் உருவான ஓர் ஆட்டத்தைக் கொண்டு சோதிக்கலாம். புனே நகரின் சிறு குழுவாகிய நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ், 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்னும் ஆட்டத்தை 2020 ஆகத்து 18இல் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கும், அக்டோபர் 15இல் பிற கருவிகளுக்கும் வெளியிட்டது. இது வேடமேற்றுப் படிநிலை வளர்க்கும் ஆட்டம் என்பதனினும் வீரச்செலவு ஆட்டம் எனக் கூறுவதே பொருந்தும். எனினும் அரக்கரோடு பொரும் புராணக் கற்பனையால் நம் ஆய்விற்கு அண்மையது.

இரக்சாபந்தன் திருநாளில் அரக்கர் படை நகரைத் தாக்குகின்றது. கோலு என்னும் சிறுவனை அரக்கர் கவர்ந்து செல்கின்றனர். அவன் தமக்கை ராஜி துர்க்கை அருளிய திரிசூலம் ஏந்தி மகாபலாசுரனைத் தேடிச் செல்கின்றாள். துர்க்கையும் திருமாலும் அவள் செலவைக் கண்டு உரையாடுகின்றனர். அரண்மனைகள் இராசத்தானக் கட்டடக் கலையைத் தழுவியன. கதையின் முற்செய்திகள் பாவைக்கூத்து நிழலாக விரிகின்றன. 2020ஆம் ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் முதல் முயற்சிக்குரிய பரிசின் பரிந்துரைப் பட்டியலில் இவ்வாட்டம் இடம்பெற்றது.

ஓவியத்தையும் இசையையும் போற்றிய திறனாய்வாளர் மூன்று குறைகளைச் சுட்டினர். போரசைவுகள் கைக்கு உடனடியாக இயைந்து வரவில்லை. தொலைவில் நிலைத்த காட்சிக்கோணம் சில இடங்களில் இடர் செய்தது. கதை நிறைவுபெறாது திடீரென முடிந்தது. 2022இல் வந்த மேம்பட்ட பதிப்பு முதலிரண்டு குறைகளையும் நோக்கிற்று. போர்முறை சீர்செய்யப்பெற்றது, வீராங்கனையின் பின்னே நின்று காணும் அண்மைக் காட்சிக்கோணம் சேர்க்கப்பெற்றது, இந்தி மொழிக் குரல்களும் இடம்பெற்றன. மூன்றாம் குறை மட்டும் நின்றுவிட்டது. கதைமுடிவு பின்வரும் ஒரு படைப்பை எதிர்நோக்கியதாகவே உள்ளது. பெரிய ஆட்டத்திற் கண்டது சிறிய ஆட்டத்திலும் மெய்யாகின்றது: விதி திருந்திற்று, கதை திருந்தவில்லை.

ஆயினும் ராஜி நம் பகுப்பில் ஒரு நுட்பத்தைக் கற்பிக்கின்றது. மொழிக்குரல் சேர்த்தல் என்பது தோற்றத்தில் வெறும் சேர்க்கையே. ஆனால் முதல் வடிவத்தில் இராசத்தான மாளிகையுள் நின்ற ராஜி ஆங்கிலத்தில் தம்பியை அழைத்தாள். அவள் நிலமும் தெய்வமும் திருநாளும் ஒன்றைக் கூற, நா வேறொன்றைக் கூறியது. திணைக்குரிய கருப்பொருள்கள் ஒன்றோடொன்று இயையாதவிடத்துத் தோன்றும் இடர் இது. இந்திக் குரல் சேர்ந்தபின் அவ்விடர் பெரிதும் நீங்கிற்று. ஆகவே ஒரு திருத்தம் சேர்க்கையா நீக்கமா என்பதன்று முதன்மையான வினா. அது கருவோடு பொருந்திற்றா என்பதே வினா. பாரகன் படிநிலைகள் சேர்ந்தும் பொருந்தவில்லை. ராஜியின் குரல் சேர்ந்து பொருந்திற்று.

8. அழிந்த முதல் வடிவம்

மூன்றாவது அளவையாகிய சான்றைப் பற்றி இனிக் கூறவேண்டும். இங்குதான் ஆட்டம் கோயிலினின்றும் நூலினின்றும் பெரிதும் வேறுபடுகின்றது. 2012 மே 15இல் மக்கள் ஆடிய டயாப்லோ மூன்றினைக் கணினியில் இன்று ஆடவேண்டும் என ஓர் ஆய்வாளன் விரும்பின், அதற்கு உரிய வழி இல்லை. ஆட்டம் நிறுவனத்தின் சர்வரைச் சார்ந்து இயங்குவது. சர்வர் இன்றைய வடிவத்தையே வழங்கும். ஏலக்கூடத்தின் நுழைவாயிலும் இல்லை. அதில் வாங்கி விற்றோரின் செயலும் இல்லை. புதிய கோபுரம் எழும்பொழுது பழைய கோபுரம் சுவடின்றி மறைந்துவிடுகின்றது. யாம் மேலே முதல் வடிவத்தைப் பற்றிக் கூறியனவும் அக்காலத்துப் பதிவுகளையும் அறிவிப்புக்களையும் கொண்டே கூறப்பட்டன.

இதனால் இருவகை இழப்பு நேர்கின்றது. ஒன்று வரலாற்றிழப்பு. குறைபட்ட வடிவமும் கல்விக்கு உரியதே. சந்தை ஒரு கலைப்படைப்பினுட் புகின் என்ன நிகழும் என்பதனை அம்முதல் வடிவம் போலக் கற்பிக்க வேறொன்று இல்லை. மற்றொன்று நீதி பற்றியது. வெளியான நாளில் ஏறத்தாழ 60 டாலர் முழுவிலை கொடுத்து வாங்கியோரே குறையைத் தாங்கினர். அவர்தம் குறையீடுகளே திருத்தத்திற்கு வழிகாட்டின. முதல் வடிவம் மறைந்தமையால் அவர் தாங்கியதும் மறைந்தது. இன்று புதிதாக ஆடுவோன், இவ்வளவு நல்ல ஆட்டத்தை அன்று ஏன் பழித்தனர் என வியக்கின்றான்.

வெளிவந்த பின் திருத்தலாம் என்னும் வசதி, நிறைவுறாததனை வெளியிடுவதற்குச் சாக்காகவும் ஆகக்கூடும். ஹெக்ஸ்வொர்க்ஸ் குழுவினரின் 'லார்ட்ஸ் ஆஃப் த ஃபாலன்' 2023 அக்டோபரில் வெளிவந்தபொழுது அதன் இயக்கத் தடைகள் பழிக்கப்பட்டன. 2024 ஏப்ரலில் 1.5 என்னும் வடிவம் வருவதற்குள் 30க்கு மேற்பட்ட திருத்தங்கள் நிகழ்ந்துவிட்டன. இவ்வுழைப்பு போற்றத்தக்கதே. ஆயினும் கருவறை முடிந்தபின் கோபுரம் எழுப்புதலும், கருவறையையே வழிபடுவோர் நடுவில் இடித்துக் கட்டுதலும் ஒன்றல்ல என்பதனைத் திறனாய்வாளர் மறத்தல் கூடாது.

9. முடிபு

மேற்கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. வெளியீட்டிற்குப் பின் வரும் திருத்தத்தின் சிறப்பு அதன் அளவில் இல்லை. ஆட்டத்தின் கருவாகிய செயல், பயன் என்னும் உறவை அது காக்கின்றதா என்பதில் உள்ளது. டயாப்லோ 3 உயர்ந்தது அவ்வுறவைத் துண்டித்த ஏலக்கூடம் நீங்கியமையால். ராஜி உயர்ந்தது போரசைவும் குரலும் அதன் உலகோடு இயைந்தமையால். இரண்டிலும் கதைக்குறை எஞ்சி நிற்கின்றது. திருந்திய படைப்பைப் புகழ்வோர் எஞ்சிய குறையையும் கூறுதல் கடன்.

திறனாய்வாளர்க்கு ஒரு நடைமுறை பரிந்துரைக்கின்றோம். இத்தகைய ஆட்டத்தைப் பற்றி எழுதுவோர் தாம் ஆய்ந்த வடிவத்தின் எண்ணையும் காலத்தையும் கட்டாயம் குறித்தல் வேண்டும். சிந்தாமணியைப் பற்றி எழுதுவோர் எப்பதிப்பு எனக் குறியாது விடுவதில்லை. வடிவம் குறியாத ஆட்டத் திறனாய்வு சில திங்களிற் பொருளற்றதாய்விடும். நிறுவனங்கள் வெளியிடும் திருத்தக் குறிப்புக்களும் தொகுத்துப் போற்றத்தக்கன. அவை இக்கலையின் கல்வெட்டுக்கள். திருவண்ணாமலைக் கல்வெட்டுக்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நூலாக வெளியிட்டமையால் அக்கோயிலின் வரலாறு ஆய்வாளர்க்கு எளிதாயிற்று. ஆட்டங்களின் திருத்தக் குறிப்புக்கட்கும் அத்தகைய தொகுப்பு வேண்டும்.

இறுதியாக, ஆக்குவோர்க்கும் ஒன்று கூறலாம். பழுதுற்ற கோயிலைப் பிரித்துக் கற்றளியாகக் கட்டும்பொழுது, முன்னிருந்த கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறித்த செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுக்களே கூறுகின்றன. புதியது சிறந்தது என்னும் துணிவு அவர்க்கு இருந்தது. பழையது இருந்தமையை மறைக்க வேண்டும் என்னும் எண்ணம் இருக்கவில்லை. தம் ஆட்டத்தின் முதல் வடிவத்தை ஒரு படியேனும் காத்து, கற்போர் ஆடிப்பார்க்க வழிவிடும் நிறுவனம் இந்நெறியைப் பின்பற்றியதாகும். அங்ஙனம் காக்கப்பெறின், ஒரு படைப்பு எவ்வாறு திருந்திற்று என்பதனைக் கேள்வியால் அன்றிக் காட்சியால் அறியும் பேறு வருங்கால மாணவர்க்குக் கிட்டும்.